மும்பைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்குகள்: எது என்ன என்று சொல்லுங்களேன்

செம்பூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பையனின் பள்ளியில் கடற்கரையில் கிடைப்பதைச் சேகரித்து, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்சாவிலும் ஜுஹுவிலும் பொறுக்கியதெல்லாம் இப்போது எங்கள் பால்கனியில் ஒரு பழைய தாம்பாளத்தில் கிடக்கிறது. கூகுள் லென்ஸில் காட்டினால் ஃபுளோரிடா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கேயோ உள்ள பெயரைச் சொல்கிறது, அதே சிப்பியைக் கவிழ்த்துக் காட்டினால் வேறு பெயர். இங்கே படம் ஏற்றப் பார்த்தேன், ஏறவே இல்லை, அதனால் எழுத்திலேயே சொல்கிறேன்.

அதிகமாகக் கிடைத்தது சட்டைப் பொத்தான் அளவில், தட்டையாக, வழவழப்பாக இருக்கும் குட்டிச் சங்குகள். ஒன்றில் இருக்கிற கோலம் இன்னொன்றில் இல்லை: சாம்பல், பழுப்பு, இளஞ்சிவப்பு, கோடு போட்டது, புள்ளி வைத்தது. அடுத்து கனமான வெள்ளைச் சிப்பி, முதுகில் உச்சியிலிருந்து விளிம்பு வரை வரிவரியாக மேடு. எல்லாமே பாதிதான், ஜோடி அகப்படவில்லை. அதில் சிலவற்றில் உச்சிக்குப் பக்கத்தில் அச்சு அசலாக வட்டமான ஒரு துளை இருக்கிறது. மாலை கோக்க யாரோ ஓட்டை போட்டு எறிந்திருக்கிறார்கள் என்பது பையனின் கருத்து, எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்க்ரூ போல நீண்டு கூர்மையாக ஒன்று. உருண்டையாக, மினுமினுப்பாக, ஒரு பக்கம் சுருளோடு இன்னொன்று. தட்டையாக, மிக மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவுகிற ஒரு சிப்பி. அப்புறம் வெள்ளையாக, நீள்வட்டமாக, எடையே இல்லாத ஓடு. நகத்தால் கீறினால் மாவு உதிர்கிறது, தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. இது சிப்பிதானா என்றே தெரியவில்லை. மணலால் செய்த வளையம் ஒன்றும் பார்த்தோம், சட்டைக் காலர் வடிவத்தில், தொட்டால் ரப்பராக வளைந்தது. ஏதோ குப்பை என்று விட்டுவிட்டு வந்தோம்.

கடைசியாக ஒன்று, இது கடற்கரையில் கிடைத்ததல்ல. கணவர் ஒரு நடைபாதைக் கடையில் வலம்புரிச் சங்கு என்று சொன்னார்கள் என்று நல்ல விலை கொடுத்து வாங்கி வந்துவிட்டார். அது உண்மையான வலம்புரியா என்று எப்படிப் பார்ப்பது? மாமியார் பூசையில் வைத்து மஞ்சள் குங்குமமும் இட்டாகிவிட்டது.

முத்துநகர்க்காரன்:

அக்கா, நான் தூத்துக்குடி, இப்போது சயான். படம் இல்லாவிட்டாலும் நீங்கள் எழுதியிருப்பதே போதும், பெரும்பாலானதைச் சொல்லிவிடலாம்.

பொத்தான் அளவில் இருப்பது பொத்தான் சங்கு, அறிவியல் பெயர் உம்போனியம் வெஸ்டியாரியம். மணலுக்குள் கும்பல் கும்பலாக வாழும், அதனால்தான் ஒரே இடத்தில் கைநிறைய அள்ளலாம். இதில் நிறத்தை வைத்து ஏமாறாதீர்கள், எத்தனை கோலம் இருந்தாலும் அது ஒரே இனம்தான். உங்கள் பையன் பத்து நிறத்துக்குப் பத்துப் பெயர் எழுதிவிடப் போகிறான், ஒரே பெயரின் கீழ் வரிசையாக நிறம் மாற மாற ஒட்டச் சொல்லுங்கள், பார்க்க அழகாகவும் இருக்கும்.

ஸ்க்ரூ வடிவில் இருப்பது டரிடெல்லா, திருகுச் சங்கு என்று எழுதலாம். உருண்டையாக மினுமினுப்பது நிலாச் சங்கு, நாட்டிகா வகை. அந்த மணல் வளையம் குப்பை இல்லை அக்கா, அதே நிலாச் சங்கின் முட்டை. பெண் நத்தை தன் கோழையில் மணலையும் முட்டையையும் குழைத்துத் தன் உடம்பைச் சுற்றி அச்சு வார்க்கும், அதனால்தான் காலர் வடிவம். ரப்பராக வளைந்து முழுசாக இருந்தால் உள்ளே முட்டை இன்னும் பொரியவில்லை என்று அர்த்தம், பொரிந்துவிட்டால் தானாக உதிர்ந்துபோகும். எடுக்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று.

நகத்தால் கீறினால் மாவு உதிர்கிற வெள்ளை ஓடு கணவாய் மீனின் உள் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று இதைத்தான் தருவார்கள், பறவைக் கூண்டில் சுண்ணாம்புச் சத்துக்காகத் தொங்கவிடுவதும் இதைத்தான். கணவாயும் நத்தை, சிப்பி கூட்டத்தைச் சேர்ந்ததே, ஓடு மட்டும் உடம்புக்குள் இருக்கிறது. குறுக்கே உடைத்து ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், மெல்லிய தட்டுகளாக அடுக்கடுக்காக அறைகள் தெரியும். அந்த அறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் அது மிதப்பதும் மூழ்குவதும்.

வெளிச்சம் ஊடுருவுவது சன்னல் சிப்பி, பிளாகுனா. உள்பக்கம் கீல் இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்து வி வடிவத்தில் இரண்டு மேடு ஓடும், அது இருந்தால் சந்தேகமே வேண்டாம். கோவாவில் பழைய வீடுகளின் சன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் பொருத்தியிருப்பது இந்தச் சிப்பியைத்தான்.

கனமான வெள்ளை வரிச் சிப்பியைப் பற்றி மாட்டுங்கா டீச்சர் வந்து சொல்லட்டும், அவர் பாடம் நடத்த ஒரு வாய்ப்பு வேண்டாமா.

மாட்டுங்கா டீச்சர்:

தம்பி வம்புக்கு இழுத்துவிட்டான், வந்துவிட்டேன்.

அந்த வரிச் சிப்பியை உள்பக்கம் திருப்பிக் கீலைப் பாருங்கள். நேர்கோட்டில், சீப்பின் பற்களாக வரிசையாக நுணுக்கமான பற்கள் இருக்கிறதா? இருந்தால் அது ஆர்க்கா குடும்பம், இங்கே அதிகம் அகப்படுவது ரத்தச் சிப்பி எனப்படும் டெகில்லார்கா கிரானோசா. வரி மேடுகளின் மேல் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு, கடலில் உருண்டு தேய்ந்ததில் அவை மழுங்கியிருக்கும். பெயருக்கேற்ப இதன் ரத்தம் சிவப்பு, நமக்கு இருக்கிற மாதிரி ஹீமோகுளோபின் இதற்கும் உண்டு. பெரும்பாலான சிப்பிகளுக்கு அது கிடையாது. சேறும் குறைந்த ஆக்சிஜனும் உள்ள இடத்தில் வாழ்கிறதற்கு அது உதவுகிறது. கீலில் பல் வரிசை இல்லாமல் நடுவில் இரண்டு மூன்று பற்கள் மட்டும் இருந்தால் அது வேறு குடும்பம், நம் கோளி மீனவப் பெண்கள் சந்தையில் திசர்யா என்று கூறு கட்டி விற்பது அந்தப் பக்கத்துச் சிப்பிகள். வெளியிலிருந்து பார்த்து அடையாளம் சொல்வதைவிட உள்ளே திருப்பிப் பார்ப்பதுதான் சிப்பிக்கு முக்கியம், லென்ஸ் செயலிகள் சொதப்புவதும் அதனால்தான். நாம் முதுகைக் காட்டுகிறோம், விஷயம் கீலில் இருக்கிறது.

இப்போது அந்தத் துளை. பையனிடம் சொல்லுங்கள், ஓட்டை போட்டது மனிதன் இல்லை, மேலே சொன்ன நிலாச் சங்குதான். அது சாதுவாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், மணலுக்குள் ஊர்ந்து சிப்பிகளை வேட்டையாடுகிற பிராணி அது. அகலமான காலால் சிப்பியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், ஓட்டைக் கரைக்கிற அமிலத்தைச் சுரந்து ஒரு இடத்தில் மென்மையாக்கும், ரம்பம் போன்ற நாக்கால் சுரண்டும், மறுபடியும் அமிலம், மறுபடியும் சுரண்டல். மணிக்கணக்கில் நடக்கிற வேலை இது. துளை விழுந்ததும் குழலை உள்ளே விட்டு சதையைத் தின்றுவிடும். அந்தத் துளையை வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும் சரிந்து இறங்கினால் நிலாச் சங்கின் வேலை. சுவர் செங்குத்தாக நேராக இறங்கினால் முள் சங்கு வகையின் வேலை, அவையும் துளைப்பவைதான். உச்சியே தேய்ந்து, விளிம்பு ஒழுங்கில்லாமல், பெரிய ஓட்டையாக இருந்தால் வெறும் மணல் உரசல். ஓடு முழுக்கச் சல்லடைக் கண்ணாகப் பொடிப்பொடித் துளை இருந்தால் அது ஓட்டைக் குடைந்து குடியிருந்த கடற்பஞ்சு. வெறும் ஓட்டையை வைத்தே அந்தச் சிப்பி எப்படிச் செத்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற முதல் வேலையே இதுதான், பெயர் அப்புறம்.

உங்கள் அட்டையில் நிலாச் சங்கையும் துளை விழுந்த ரத்தச் சிப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த டீச்சராக இருந்தாலும் கேள்வி கேட்பார், பையன் பதில் சொல்வான்.

கார்ட்டர்ரோடு நடையன்:

நல்ல விளக்கம் டீச்சர். நான் ஒன்று சேர்க்கிறேன். அடுத்த தடவை போகும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். அப்போது மும்பையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு, ஐந்து மீட்டர் வரை வித்தியாசம் வரும், நீர் நன்றாக உள்வாங்கிக் கிடக்கும். கோளிக்காரர்களிடம் ஓஹோட்டி, அதாவது நீர் வற்றம், எத்தனை மணிக்கு என்று கேட்டால் கடிகாரம் பார்க்காமல் சொல்வார்கள். நேரம் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய நேரத்தை நம்பி இன்றைக்குப் போனால் வெறும் அலைதான்.

மணல் கரையில் கிடைப்பது வேறு, பாறைக் கரையில் கிடைப்பது வேறு. ஹாஜி அலி, கார்ட்டர் ரோடு பக்கம் நீர் வடிந்தபின் பாறை இடுக்குகளில் உயிரோடு நத்தைகள் ஊர்வதைப் பார்க்கலாம். பாறையில் ஒட்டியிருக்கிற பாறைச் சிப்பியின் விளிம்பு பிளேடு, வெறுங்காலோடு போகாதீர்கள், ரப்பர் செருப்பும் வழுக்கும், பிடிப்புள்ள ஷூதான் சரி. கூம்பு வடிவச் சங்கு எதையும் பையன் கையில் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். கூம்புச் சங்கு வகைகள் எல்லாமே விஷ ஈட்டி உள்ளவை, சட்டைப் பையில் போட்டால் துணியையும் தாண்டிக் குத்தக்கூடியவை. சில பெரிய இனங்களின் விஷம் ஆளையே கொன்றிருக்கிறது. காலி ஓடுதானே என்று நினைப்போம், உள்ளே ஆள் இருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாது.

மழைக்காலத்தில் ஜுஹுவில் நீலப் பலூன் போல ஜெல்லிமீன் மாதிரி ஒன்று ஒதுங்கும், அதைத் தொட்டால் சுள்ளென்று எரியும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு சில சமயம் ஊதா நிறத்தில், காகிதம் அளவு மெல்லிய ஒரு நத்தை ஓடும் ஒதுங்கும். நுரைக் குமிழ்களைக் கோத்து மிதவை கட்டிக்கொண்டு நடுக்கடலில் தலைகீழாக மிதக்கிற ஜான்தினா அது, அந்த நீலத்தைத்தான் தின்கிறது. கிடைத்தால் விடாதீர்கள், பஞ்சில் வைத்து எடுத்து வாருங்கள், விரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

செம்பூர்வாசி:

ஆகா, இவ்வளவா! டீச்சர், துளைகளைப் பார்த்தோம், சரிந்துதான் இறங்குகிறது. பையன் இப்போது எல்லாச் சிப்பியையும் வெயிலில் பிடித்துப் போலீஸ் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறான்.

இரண்டு சந்தேகம். தாம்பாளத்திலிருந்து ஒரே ஒரு திருகுச் சங்கு மட்டும் நாறுகிறது, மற்றது எதுவும் வாடை அடிக்கவில்லை. கழுவியும் போகவில்லை. இன்னொன்று, கரையில் ஈரத்தில் அவ்வளவு பளிச்சென்று இருந்தது, காய்ந்ததும் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பாகத் தெரிகிறது. வலம்புரியைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே?

முத்துநகர்க்காரன்:

நாறுகிறதென்றால் உள்ளே நத்தையோ, காலி சங்கில் குடியிருந்த துறவி நண்டோ செத்துக் கிடக்கிறது. கொதிக்கிற நீரில் கொஞ்ச நேரம் போட்டு ஊசியால் எடுத்துப் பாருங்கள். நீண்ட சுருளின் நுனியில் சிக்கிக்கொண்டால் வராது, அப்படியானால் தொட்டி மண்ணில் சில வாரம் புதைத்துவிடுங்கள், எறும்பு பார்த்துக்கொள்ளும். இனிமேல் பொறுக்கும்போது வாயை ஒரு மூடி அடைத்திருக்கிறதா, உள்ளே கால் தெரிகிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பளபளப்புக்கு அமிலம், கழிவறை கழுவுகிற திரவம், வினிகர் எதுவும் வேண்டாம். ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைந்து கோலமே அழிந்துபோகும். யூடியூபில் காட்டுவார்கள், நம்பாதீர்கள். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து உப்பு போக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவிட்டு, பஞ்சில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். ஈரத்தில் பார்த்த நிறம் திரும்பி வரும். ஒட்டுவதற்குமுன் எண்ணெய் தடவினால் பசை பிடிக்காது, ஒட்டியபின் மேல்பக்கம் மட்டும் தடவுங்கள்.

முலுண்ட் பெரியவர்:

வலம்புரிக்கு அரிசி சோதனை இருக்கிறது. ஒரு தட்டில் அரிசி பரப்பி மேலே வைத்தால் அசல் சங்கு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்த்து வாங்கினோம்.

மாட்டுங்கா டீச்சர்:

பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, எந்தச் சங்கைக் காதில் வைத்தாலும் இரைச்சல் கேட்கும், வெற்றுத் தம்ளரை வைத்தாலும் கேட்கும். சுற்றுப்புறச் சத்தம் குழிக்குள் அதிர்கிறது, அவ்வளவுதான். அரிசி குவியலில் கனமான எதை வைத்தாலும் கொஞ்சம் சரியும்.

செம்பூர் தங்கச்சி, மாமியார் பார்க்காத நேரத்தில் இப்படிப் பாருங்கள். சுருளான கொண்டைப் பக்கம் மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாதாரணச் சங்கு. இடக்கைப் பக்கம் இருந்தால் சுழி மாறியது, அதாவது வலம்புரிக்கு உரிய சுழி. பூசையில் வால் பகுதியை மேலே வைத்துப் பார்க்கிறோம், அதனால் அங்கே வலப்பக்கம் திறந்திருப்பதாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

ஆனால் சுழி மாறியிருந்தாலே நம் சங்கு ஆகிவிடாது. இதுதான் முக்கியம். மன்னார் வளைகுடாவில் எடுக்கிற நம் சங்கு, டர்பினெல்லா பைரம், லட்சத்தில் ஒன்றுதான் சுழி மாறிப் பிறக்கும் என்பார்கள், அத்தனை அபூர்வம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலில் ஒரு நத்தை இருக்கிறது, மின்னல் சங்கு என்று சொல்வார்கள், டெக்சாஸ் மாநிலத்தின் அடையாளச் சங்கே அதுதான். அதற்கு இடச்சுழி இயல்பு, பிறப்பதில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான், மலிவாக மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதன் மேல் தோலையும் கோடுகளையும் மெருகேற்றித் தேய்த்துவிட்டு வலம்புரி என்று விற்கிறார்கள். வித்தியாசம் காண சுலப வழி உண்டு. வாய்க்குள்ளே டார்ச் அடித்து நடுத் தூணைப் பாருங்கள். நம் சங்கில் அந்தத் தூணில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் குறுக்கே ஓடும், விரலை விட்டால் படியாகத் தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் அந்த மடிப்பு வரிசை இருக்காது, வழவழவென்று போகும். எடையிலும் தெரியும், நம் சங்கு கல்லாகக் கனக்கும்.

முலுண்ட் பெரியவர்:

டார்ச் அடித்துப் பார்த்தேன் டீச்சர். மடிப்பு எதுவும் கையில் தட்டுப்படவில்லை. ஆனால் இருபது வருடமாக வீட்டில் இருக்கிறது, இனி எடுக்கிறதாக இல்லை.

மாட்டுங்கா டீச்சர்:

எடுக்க வேண்டாம் ஐயா, இருந்துவிட்டுப் போகட்டும். கும்பிடுவது உங்கள் விருப்பம், நான் சொன்னது வாங்குகிறவர்களுக்கு.

கார்ட்டர்ரோடு நடையன்:

வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சுற்றுலாக் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கிற பெரிய சங்குகளை வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் சில சங்கு, சிப்பிகளையும் சேர்த்தார்கள். கொம்புத் தலைக்கவசச் சங்கு, ராட்சதச் சிப்பி வகைகள், நாட்டிலஸ், ஐவிரல் சங்கின் சில இனங்கள் எல்லாம் அதில் உண்டு. சன்னல் சிப்பியும் உண்டு. கரையில் ஒதுங்கிய உடைந்த துண்டு ஒன்றைப் பையன் அட்டையில் ஒட்டுவது வேறு, கடைக்காரரிடம் காசு கொடுத்துப் புதிதாக எடுக்கச் செய்வது வேறு. என்னைக் கேட்டால், சன்னல் சிப்பியைப் படம் எடுத்து ஒட்டிவிட்டு ஓட்டைத் திருப்பிக் கரையிலேயே போட்டுவிடுங்கள், தலைவலி இல்லை.

செம்பூர்வாசி:

சரி, அப்படியே செய்கிறோம். எங்கள் சங்கில் டார்ச் அடித்தேன், மடிப்பு இல்லை, எடையும் இல்லை. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை, மாமியாரிடம் சொல்லப்போவதும் இல்லை. கடைசியாக ஒன்று: அட்டையில் அறிவியல் பெயரை எப்படி எழுதுவது? தமிழில் எழுதலாமா?

மாட்டுங்கா டீச்சர்:

எந்த மொழிப் பள்ளி என்று பார்த்து முதல் வரியில் பழகிய பெயர், பொத்தான் சங்கு, ரத்தச் சிப்பி, இப்படி. அதன் கீழே லத்தீன் பெயரை ஆங்கில எழுத்தில்: முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், இரண்டாவது முழுக்கச் சின்ன எழுத்து, கையால் எழுதினால் இரண்டுக்கும் அடிக்கோடு. இனம் உறுதியாகத் தெரியாதவற்றுக்கு முதல் சொல்லை மட்டும் எழுதி நிறுத்தலாம், நிலாச் சங்குக்கு நாட்டிகா என்று மட்டும் போட்டாலே போதும். மூன்றாவது வரியில் எந்தக் கடற்கரை, என்றைக்கு எடுத்தது என்று போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத்தான் விட்டுவிடுவார்கள், நான் திருத்துகிற ஆளாக இருந்தால் அதற்குத்தான் முதலில் மதிப்பெண் போடுவேன். அக்சாவில் எடுத்ததையும் ஜுஹுவில் எடுத்ததையும் தாம்பாளத்தில் ஏற்கெனவே கலந்துவிட்டீர்களா?

செம்பூர்வாசி:

கலந்துதான் கிடக்கிறது டீச்சர். பொத்தான் சங்கு முழுக்க ஜுஹுதான், அது நினைவிருக்கிறது. மற்றதுக்கு இரண்டு பெயரையும் போட்டுவிடச் சொல்கிறேன்.